வள்ளம் போகும் வயல்

குவைத்
6 ஜனவரி 1983

பிரியமுள்ள ஈப்பன் அளியனுக்கு,

கர்த்தர் கிருபையால் எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. குளிர் மட்டும் எலும்பைக் கடிக்கிறது. போன முறை கொடுத்தனுப்பிய தைலம் உங்கள் முதுகுக்குக் கேட்டதா? இன்னும் சைக்கிளில்தான் ஆபீசுக்குப் போகிறீர்கள் என்று சோசம்மா எழுதியிருந்தாள்.

ஒரு நல்ல செய்தி. ஆற்று வளைவில் இருக்கும் அந்த வடக்கு வயலை வாங்கிவிட்டேன். செம்மண் அடித்து மேடாக்கி இரண்டு மாடியில் வீடு கட்டப் போகிறேன். மாடியில் நின்றால் ஆறு முழுவதும் தெரிய வேண்டும். உங்கள் தங்கச்சி சோசம்மா என்னைக் கட்டிக்கொண்டதிலிருந்து என் அம்மாவின் ஒழுகுகிற வீட்டில் தனியாக இருக்கிறாள். பிள்ளைகளும் இல்லை. வீடாவது இருக்கட்டும்.

வயலில் வீடு கட்ட கலெக்டர் ஆபீஸ் அனுமதி வேண்டுமாம். அதற்கு வில்லேஜ் ஆபீசர் இடம் பார்த்து, வீட்டுக்குத் தோதான நிலம் என்று எழுதித் தர வேண்டுமாம். வில்லேஜ் ஆபீசர் யார் என்று இங்கே அறைக்கூட்டாளிகள் கேட்டார்கள். சொன்னேன். "அப்புறம் எதுக்குடா யோசிக்கிறே, பெண்டாட்டியோட அண்ணன், உன் அளியனே நாற்காலியில இருக்கும்போது?" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள் குருவிளா


நெடும்புறம்
29 ஜனவரி 1983

அன்புள்ள குருவிளாவுக்கு,

இங்கே சுகம். தைலம் வாசனையாக இருக்கிறது. முதுகு அப்படியேதான் இருக்கிறது. நீ குளிரில் கவனமாக இரு.

நீ வாங்கிய இடத்தை நேற்று நடந்து பார்த்தேன். எழுதித் தர முடியாது.

அது வயல் மட்டுமல்ல. ஆறு பெருகினால் வளைவைச் சுற்ற அதற்கு நேரமில்லை, அந்த வயல் வழியாகத்தான் குறுக்கே இறங்கும். கர்க்கடக மாதத்து மழைவெள்ளத்தில் வள்ளங்களும் அதே வழியில்தான் போகும். நீயும் போயிருக்கிறாய். மூங்கில் மறைப்பில் எதிரே வருகிறவன் தெரியமாட்டான் என்று வள்ளக்காரன் கூப்பிடுவான், எதிரே இருப்பவன் "வலம்" என்றோ "இடம்" என்றோ பதில் கொடுப்பான். பதில் வரவில்லை என்றால் வழி காலி. நம் ஊரில் பேசத் தெரியாத பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

அந்த வழியில் நீ மண்ணைக் கொட்டினால் உன் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. தண்ணீர் அக்கரைக் காலனிக்குள் போகும். அங்கே இருப்பவர்களுக்கு மாடி கிடையாது. நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அதைத் தடுக்கத்தான்.

நான் எம்.ஏ. முடித்து சட்டம் படிக்கக் காத்திருந்தபோது எங்கள் அப்பச்சன் மேட்டுப் பறம்பு நிலத்தை விற்றது எதற்கு என்று உனக்குத் தெரியும். அந்தப் பணம் சோசம்மாவின் சீதனமாகி உன் விசாவாகப் போனது. நான் வில்லேஜ் ஆபீசராகப் போனேன், கல்யாணம் கட்டாமல் பழைய வீட்டில் பூனையோடு இருக்கிறேன். அதற்காக இதை எழுதவில்லை. ஆனால் அதற்காகத்தான் எழுதினேன் என்று நீ சொல்வாய் என்பதும் தெரியும்.

வேறு இடம் பார். உன் உடம்பைக் கவனித்துக்கொள்.

ஈப்பன்


குவைத்
11 மே 1983

ஈப்பன் அளியனுக்கு,

எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். நானும் சுகம்.

உங்கள் அறிக்கை உங்கள் மேசையிலேயே தூங்கட்டும். மேலே பேச வேண்டியவர்களிடம் பேசினேன். தாலூக்காவிலிருந்து வேறொருவர் வந்து பார்த்து எழுதிவிட்டார். அனுமதி கிடைத்துவிட்டது. லாரி ஓடத் தொடங்கிவிட்டது.

ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் தெரியுமா? "ஈப்பன் சாருக்கு வெள்ளம் ஆத்துல ஏறல, வயித்தெரிச்சல்லதான் ஏறுது" என்று. நான் சொல்லவில்லை, வள்ளம் கட்டும் கடவில், தேநீர்க்கடையில் சொன்னார்களாம். தைலம் இன்னொரு புட்டி அனுப்புகிறேன், வயிற்றில் தடவிக்கொள்ளுங்கள்.

கோபிக்க வேண்டாம். தமாஷ்.

குருவிளா


நெடும்புறம்
18 டிசம்பர் 1983

அன்புள்ள குருவிளாவுக்கு,

உன் வீட்டின் குடிபுகுதல் நல்லபடியாக முடிந்தது. நீ வர முடியாததால் நான் போய் நின்றேன். பாதிரி அச்சன் வந்து ஜெபித்தார். சாப்பாட்டில் குறையில்லை. நான் நலம், ரத்த அழுத்தம் கொஞ்சம் இருக்கிறது என்கிறார் டாக்டர்.

ரத்த அழுத்தம் எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அனுமதி தராமல் இழுத்தடித்ததற்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. அதைப் பற்றிப் பந்தலில் யாரோ பேச்செடுத்தார்கள். சோசம்மா, எல்லோருக்கும் முன்னால், "எங்க அச்சாயனுக்குப் பொறாமை. சின்ன வயசுலேருந்தே என் தட்டைப் பாத்துதான் சாப்பிடுவாரு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் அப்பத்தைப் பிய்த்துக்கொண்டு சிரித்தேன். அதை மறக்க முயற்சி செய்யப் போவதில்லை.

உன் அனுமதியில் மதில் இல்லை. நீ வயலின் குறுக்கே, வீட்டிலிருந்து மூங்கில் வரை செங்கல் மதில் எழுப்பியிருக்கிறாய். தண்ணீர் வந்தால் அது மூழ்கும், கண்ணுக்குத் தெரியாது. எழுதி வைக்கிறேன்.

இன்னொன்று. மேஸ்திரி ஒருவன் என்னைத் தனியே கூப்பிட்டு, "சாரே, அந்த வீட்டுல மத்தியானம் எங்க ஆளுங்க படுக்க மாட்டேங்கிறாங்க" என்றான். ஏன் என்றேன். "உள்ளேயிருந்து யாரோ கூப்பிடறாங்க. சுவத்துலேருந்து சுவத்துக்குப் போகுது" என்றான். குடித்திருந்தான் என்று நினைத்தேன். ஆனால் அவன் பெந்தகொஸ்தேக்காரன், தொடமாட்டான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஈப்பன்


குவைத்
20 பிப்ரவரி 1984

அன்புள்ள அளியனுக்கு,

ரத்த அழுத்தத்துக்கு உப்பைக் குறையுங்கள். எனக்கு உடம்பு சரிதான். தூக்கம்தான் இல்லை.

கோபமெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். சோசம்மா காசெட் அனுப்பியிருந்தாள். கடிதம் எழுதுவதைவிட அவளுக்குப் பேசுவது சுலபம், எப்போதும் இரண்டு பக்கமும் நிறையப் பேசி அனுப்புவாள். வெள்ளிக்கிழமை அறையில் எல்லோரும் இருக்கும்போது போட்டேன். வாழை குலை தள்ளியிருக்கிறது, பசு கன்று போட்டது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நடுவில் பேச்சை நிறுத்தினாள். பிறகு அடித்தொண்டையிலிருந்து "ஹோ...ய், வலம்!" என்று ஒரு சத்தம். உடனே, "கன்னுக்குட்டி கிடாரிதான், ரோசின்னு பேரு வெச்சேன்" என்று தொடர்கிறாள்.

அறையில் ஒருவன் சிரித்தான். நான் திரும்பப் போட்டேன். அவளை யாரும் கூப்பிடவில்லை. யாரோ கூப்பிட்டதுபோல அவள் பதில் சொல்கிறாள். இரண்டு பக்கத்திலும் ஐந்தாறு முறை.

அவளிடம் நேராகக் கேட்கப் பயமாக இருக்கிறது. நீங்கள் போய்ப் பாருங்கள். எப்படியாவது நிறுத்தச் சொல்லுங்கள். ஊர் கேட்டால் பைத்தியம் என்பார்கள். அந்த வீடுதான் என் வாழ்நாள் முழுவதின் சம்பாத்தியம்.

குருவிளா


நெடும்புறம்
14 மார்ச் 1984

அன்புள்ள குருவிளாவுக்கு,

நான் சுகம். உப்பைக் குறைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போனேன். நல்ல வெயில். ஆறு கோடையில் ஒடுங்கி மணல் தெரிகிறது, வயலில் வெடிப்பு. மரவள்ளிக் கப்பையும் குடம்புளி போட்ட மீன்கறியும் வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கரண்டியைத் தூக்கியபடி தலையைச் சாய்த்தாள். அடுக்களை ஜன்னலைப் பார்த்து "ஹோ...ய், வலம்!" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இன்னொரு துண்டு போடட்டா அச்சாயா?" என்றாள்.

"யாரைடீ கூப்பிட்டே?"

"நானா? அவன்தான் கூப்பிட்டான். நான் பதில் சொன்னேன்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

"உங்களுக்கு எப்பத்தான் கேட்டிருக்கு? அங்க ஜன்னல் வழியா வரும். இந்த மேசைய ஒட்டிப் போகும். அந்தா, மாதா படத்துக்குக் கீழ போய் வடக்கே இறங்கும்."

"யாருடைய குரல்?"

"தெரிஞ்ச குரல் இல்ல. நல்ல குரல்தான். ரொம்பக் களைச்சுப்போன குரல்."

"நீ பதில் சொல்லாம இரேன்."

"கூப்பிட்டவனுக்குப் பதில் சொல்லாம இருக்கறது எந்த ஊரு மரியாதை? அவன் வழி காலின்னு நினைச்சு வந்துடுவானே!"

"எதுலடீ வருவான்? தண்ணியே இல்ல."

அவள் இன்னொரு துண்டு மீனை என் தட்டில் போட்டாள். நான் உனக்காகப் பேசினேன். உன் தூக்கம், உன் அறைக்கூட்டாளிகளின் சிரிப்பு, எல்லாம் சொன்னேன். கடைசியில் வேதபுத்தகத்தைக் கொண்டுவந்து, இனி பதில் கொடுப்பதில்லை என்று கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினேன். அழுதாள், ஆனால் வைத்தாள்.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். இதையும் சொல்லிவிடுகிறேன்: அவள் என்னோடு பேசிக்கொண்டிருந்தபோது அவள் பூனை தரையில் படுத்திருந்தது. அவள் தலையைச் சாய்ப்பதற்குக் கொஞ்சம் முன்பு அது எழுந்து, நனையாமல் இருக்கப் பார்ப்பதுபோல ஒவ்வொரு காலாகத் தூக்கி, நாற்காலி மேல் ஏறிக்கொண்டது.

ஈப்பன்


குவைத்
22 ஏப்ரல் 1984

அன்புள்ள அளியனுக்கு,

உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது! இந்தக் கடிதம் கொண்டுவரும் ஆளிடம் ஒரு கைக்கடிகாரம் கொடுத்தனுப்புகிறேன், மறுக்க வேண்டாம். ரத்த அழுத்தம் குறைந்ததா?

புதிய காசெட் வந்தது. சத்தம் இல்லை. நடுநடுவே பேச்சை நிறுத்துகிறாள், அவ்வளவுதான். அந்த நிறுத்தங்கள்தான் முன்பைவிட நீளமாக இருக்கின்றன. மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றுகிறது. பழகிவிடும்.

குருவிளா


நெடும்புறம்
30 ஜூலை 1984

குருவிளாவுக்கு,

சோசம்மா உயிரோடு இருக்கிறாள், வீடும் நிற்கிறது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பத்திரிகையில் படித்திருப்பாய்.

கர்க்கடகம் பிறந்ததும் ஆறு ஏறியது. வயலில் இறங்க வழியில்லாமல் அக்கரைக்குப் போனது. காலனியில் இதுவரை திண்ணை தாண்டாத தண்ணீர் கூரையைத் தொட்டது. விடிகிற நேரத்தில் காலனி வள்ளக்காரன் குஞ்ஞாண்டியின் பெரிய வள்ளத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூட மேட்டுக்குக் கிளம்பினார்கள். துடுப்பின் நுனி தெரியாத மழை. வளைவு வந்திருக்கும் என்று குஞ்ஞாண்டி கூப்பிட்டிருக்கிறான். பதில் இல்லை. வழி காலி என்று பழைய வழியிலேயே விட்டிருக்கிறான். உன் மதில் தண்ணீருக்குள் இருந்தது. வள்ளம் அதில் ஏறிக் கவிழ்ந்தது.

குஞ்ஞாண்டி செத்தான். அவன் மருமகளும் இரண்டு கிழவர்களும் செத்தார்கள். மற்றவர்கள் உன் வீட்டு மேட்டைப் பிடித்துத் தப்பினார்கள். புதைக்க நிலம் வெளியே தெரியும்வரை சவங்களை உன் முன்னறையில்தான் வைத்திருந்தோம். ஊரிலேயே காய்ந்த தரை அதுதான்.

நான் படகில் போய்ச் சேர்ந்தபோது சோசம்மா காதில் துணியை அடைத்துக்கொண்டு, வேதபுத்தகத்தின் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். துணியை எடுத்தேன்.

"கேட்டுச்சு அச்சாயா," என்றாள். "துணியையும் தாண்டிக் கேட்டுச்சு. தினமும் கேக்கறதுதானேன்னு வாயை மூடிட்டு இருந்தேன். சத்தியம் பண்ணியிருந்தேனே."

பிறகு குஞ்ஞாண்டி கிடந்த பக்கம் பார்த்தாள்.

"அதே குரல். வருஷம் முழுக்க வந்த அதே குரல். நான் செத்தவன் கூப்பிடறான்னு நினைச்சேன். அவன் உயிரோடதான் அக்கரையில இருந்திருக்கான். இன்னும் வராத வள்ளத்துக்குத்தான் நான் பதில் சொல்லிட்டு இருந்திருக்கேன்."

என் வீட்டுக்கு வா என்று அழைத்தேன். வர மறுத்துவிட்டாள்.

ஈப்பன்


குவைத்
25 ஆகஸ்ட் 1984

ஈப்பன் அளியனுக்கு,

உங்கள் உடல்நலத்துக்கு ஜெபிக்கிறேன். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மதிலையும் மண்ணையும் எடுக்கச் சொல்லிக் காலனிக்காரர்கள் மனுக் கொடுத்திருக்கிறார்களாம். விசாரித்து அறிக்கை தர வேண்டியது நீங்கள்தானாம். மதில் வயலின் பழைய வரம்பின்மேல்தான் நிற்கிறது, வள்ளம் வழிதவறி வந்தது என்று எழுதுங்கள். இந்த முறை இல்லை என்று சொல்லாதீர்கள்.

அவளைப் பதில் சொல்லவிடாமல் சத்தியம் வாங்கியது நானில்லை. நீங்கள். நான் நிறுத்தச் சொன்னேன். பைபிளைத் தூக்கிக்கொண்டு போனது நீங்கள். அவள் வாயைத் திறந்திருந்தால் அந்த நாலு பேரும் இருந்திருப்பார்கள். இதை ஊரில் நான் சொல்லவில்லை. சொல்ல வைக்காதீர்கள்.

துலா மாதத்தில் லீவில் வருகிறேன், அக்டோபர் இருபதுக்கு மேல். தண்ணீர் ஏறியிருந்தால் கடவில் வள்ளம் பிடித்து நேராக என் முற்றத்தில் ராஜா மாதிரி இறங்குவேன். அவளையும் குவைத்துக்குக் கூட்டிப்போக விசா எடுத்துவிட்டேன். அவளிடம் சொல்லிவிடுங்கள்.

குருவிளா


வடக்கு வயல்
19 செப்டம்பர் 1984

பிரியமுள்ள அச்சாயனுக்கு சோசம்மா எழுதுவது.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? நீங்கள் இந்தப் பக்கம் வருவதை விட்டுவிட்டீர்கள். என்னால் வீட்டை விட்டு வெளியே வர முடியாது, நான் இல்லாத நேரத்தில் கூப்பிட்டால் என்ன செய்வது? அதனால் பால்காரியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விசாவைப் பற்றி அவரும் எழுதியிருந்தார். அதற்கில்லை இந்தக் கடிதம்.

ஓணம் கழிந்ததிலிருந்து மறுபடியும் கேட்கிறது. குஞ்ஞாண்டி குரல் இல்லை. இது புதிது. முதல் தடவையே யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. கல்யாணமாகி வந்த வருஷம் கடவில் நின்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவருடைய குரல் எனக்குத் தெரியாதா? உங்கள் அளியன்தான்.

சத்தியத்தை மீறிப் பதில் கொடுக்கிறேன், கர்த்தர் மன்னிக்கட்டும். தொண்டை கிழியக் கொடுக்கிறேன். அவருக்குக் கேட்பதில்லை அச்சாயா. இரண்டாவது தடவை இன்னும் கிட்டத்தில் கூப்பிடுகிறார். அதன் பிறகு ஒன்றுமில்லை.

நான் எழுதினால் பைத்தியம் என்பார். நீங்கள் எழுதினால் நம்புவார். வெள்ளம் வடியும்வரை வர வேண்டாம் என்று எழுதுங்கள். மதிலை எடுக்க உத்தரவு போடுங்கள். உங்களால் முடியும், உங்களால் மட்டும்தான் முடியும். ஆரம்பத்திலேயே நீங்கள் வேண்டாம் என்றீர்கள். குடிபுகுந்தன்று பந்தலில் நான் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

மழை பிடித்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோசம்மா


நெடும்புறம்
28 செப்டம்பர் 1984

அன்புள்ள குருவிளாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் ஜெபத்துக்கு நன்றி. முதுகு பரவாயில்லை, ரத்த அழுத்தம் ஆச்சரியப்படும்படி இறங்கியிருக்கிறது. டாக்டரே மறுபடியும் ஒருமுறை பார்த்தார்.

நீ கேட்ட அறிக்கையை நேற்று அனுப்பிவிட்டேன். மதில் பழைய வரம்பின்மேல் நிற்கிறது, வள்ளம் வழிதவறி வந்தது. நீ சொன்ன வார்த்தைகளையே போட்டிருக்கிறேன், ஒன்றைக்கூட மாற்றவில்லை. மண்ணும் மதிலும் அப்படியே இருக்கும். காலனிக்காரர்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள். "சாரும் இப்படிப் பண்ணிட்டீங்களே" என்றார்கள். ஊரில் என்னைப் பற்றிப் பேசிக்கொள்வது பழகிப்போனது.

சோசம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. நலமாக இருக்கிறாள், உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். மற்றபடி அவளைப் பற்றி எழுதப் புதிதாக எதுவுமில்லை.

இந்த வருஷம் துலாமழை முந்திக்கொண்டது. நீ வரும்போது ரோடு இருக்காது, ஆகவே கடவில் வள்ளத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். நம் ஊர் வள்ளக்காரர்கள் யாரும் இப்போது உன் வயல் பக்கம் வருவதில்லை. அதனால் தெற்கேயிருந்து ஒருவனை ஏற்பாடு செய்தேன். அவனுக்கு அந்த வழி தெரியாது. மூங்கில் மறைப்பு வந்ததும் நீதான் கூப்பிட வேண்டும். உன் குரல் கனமானது, தூரம் போகும்.

கைக்கடிகாரம் சரியாக ஓடுகிறது. ஒன்றும் வாங்கி வர வேண்டாம். நீ சுகமாக வந்து சேர்ந்தால் போதும். இத்தனை நாள் நான் சொன்ன தடைகளையெல்லாம் மறந்துவிடு, இனி என்னால் உனக்கு எந்தத் தடையும் இல்லை.

புறப்பட்டு வா.

ஈப்பன்